எலக்ட்ரான் வழியில் இழந்த ஆற்றல்

மிக லேசான, மின்னூட்டமில்லாத நியூட்ரினோ என்ற துகளின் நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் (துகள்களின் ஆற்றலுக்கான அலகு, நிறையையும் இதிலேயே சொல்வார்கள்) குறைவு என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள காட்ரின் ஆய்வுக் குழு 2025-இல் ஆய்விதழில் வெளியிட்டபோது எல்லோரும் அந்த எண்ணைத்தான் பேசினார்கள். அதைத் தாங்கி நிற்கும் வேறொரு அளவீடுதான், எலக்ட்ரான்கள் வழியில் இழக்கும் ஆற்றலின் அளவீடுதான், எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் சிதையும்போது எலக்ட்ரானும் நியூட்ரினோவும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டு வெளியேறும். எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் உச்ச ஆற்றல் சுமார் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் அந்த உச்சத்தின் அருகே எலக்ட்ரான்களின் ஆற்றல் நிறமாலையின் (எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான் என்ற வளைவின்) வடிவம் லேசாக மாறும். ஆனால் எலக்ட்ரான் பிறப்பதே 10 மீட்டர் நீளக் குழாயில் இருக்கும் டிரிட்டியம் வாயுவுக்குள். வெளியே வருவதற்குள் ஒரு மூலக்கூறில் மோதினாலும் ஆற்றல் குறைந்துவிடும். எவ்வளவு குறையும்?

அதை நேரடியாகவே அளந்தார்கள். குழாயின் பின்பக்கம் ஓர் எலக்ட்ரான் துப்பாக்கி. தங்கப் பூச்சில் புற ஊதா ஒளி பட்டுக் கிளம்பும் எலக்ட்ரான்கள் வாயு முழுவதையும் கடந்து 23 மீட்டர் நீள நிறமாலைமானிக்குள் நுழையும். அங்கே ஒரு மின்னழுத்தத் தடை இருக்கிறது. தாண்டியவற்றை மொத்தமாக எண்ணத்தான் அதனால் முடியும். அதனால் அந்தப் புற ஊதா லேசரைத் துடிப்பு துடிப்பாக விட்டு, ஒவ்வொரு எலக்ட்ரானும் வந்துசேரும் நேரத்தையும் குறித்தார்கள். தடையை மயிரிழையில் தாண்டியது மெதுவாகத்தான் வரும். தாமதமாக வந்தவற்றை மட்டும் பொறுக்கினால், ஒரு குறுகிய ஆற்றல் இடைவெளியில் எத்தனை எலக்ட்ரான் என்பது கிடைத்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

இழந்த ஆற்றலுக்கு எதிரே எலக்ட்ரான் எண்ணிக்கையைக் குறித்த வரைபடத்தில் பூஜ்யத்தில் ஒரு கூர்முகடு, மோதாமல் தப்பியவை. அப்புறம் வெறும் தரை. 12.5 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி மூலக்கூறைக் கிளர்த்தியவற்றின் முகடு. 15.5 வாக்கில் அயனியாக்கம் (மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுப்பது) தொடங்கி நீண்ட வாலாக ஓடும். 25-க்குப் பக்கத்தில் தெரியும் மேடு, இரண்டு முறை மோதியவற்றுடையது.

வாயு அணுக்களில் மோதும் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட அளவுகளில்தான் ஆற்றலை இழக்கும் என்று காட்டும் பிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையைக் கல்லூரி ஆய்வகத்தில் நடத்துகிறவன் நான். ஆர்கான் குழாயில் மின்னோட்டம் ஏறி ஏறி விழும் பள்ளங்களும் இதே இயற்பியல்தான். அதனால் வகுப்பில் இந்த வரைபடத்தையும் காட்டுவேன்.

"அந்த வெறும் தரை இருக்கிறதே சார், உச்சத்துக்குக் கீழே 10 எலக்ட்ரான் வோல்ட்டை மட்டும் எடுத்தால் மோதியவை கலக்காதே?" என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. ஆனால் கடைசி 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் விழுவது ஏறக்குறைய 5 லட்சம் கோடி சிதைவுகளில் ஒன்று. எண்ணிக்கை போதாது. அதனால் உச்சத்துக்கு 40 எலக்ட்ரான் வோல்ட் கீழிருந்தே தரவை எடுத்தார்கள். அங்கே மோதியவையும் மோதாதவையும் கலந்துதான் வரும், இந்த இழப்பு வளைவு இல்லாமல் அவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.