70 ரியால் டிக்கெட்

2022 கால்பந்து உலகக் கோப்பைக்கு, கத்தாரில் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கென்று தனியாக நான்காம் வகை டிக்கெட் வைத்திருந்தார்கள். முதல் சுற்றுக்கு 40 ரியால், அதற்கடுத்த சுற்றுக்கு 70. யார் ஆடுவார்கள் என்று தெரியாமலேயே, டிசம்பர் 6 மாலை எஜுகேஷன் சிட்டி மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். பெல்ஜியமும் ஜெர்மனியும் வரும் என்பது என் கணக்கு. இரண்டுமே முதல் சுற்றோடு கிளம்பிவிட்டன. வந்தது மொராக்கோவும் ஸ்பெயினும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் ஊர்களில் கிரிக்கெட்டைவிடப் பந்துதான் பெரிது. உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் பிரேசில், அர்ஜென்டினா கொடிகள். அப்படி வளர்ந்தவனுக்கு, வேலைக்கு வந்த ஊரிலேயே உலகக் கோப்பை நடக்கிறது என்றால் அதைவிட என்ன வேண்டும்!

இரண்டாவது டிக்கெட் பரமக்குடி அண்ணனுக்கு. அந்த மைதானம் எழும்பியபோது நான் அங்கே அலுவலகத்தில் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெயிலில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும், "எனக்குப் பந்து பத்தி ஒண்ணும் தெரியாதே தம்பி" என்றார். "நாம கட்டுன இடம்ணே, பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். சரி என்றார்.

மெட்ரோவில் கிளம்பி, முஷைரிப் நிலையத்தில் பச்சை வழித்தடத்துக்கு மாறினோம். ரயில் முழுக்க மொராக்கோ ரசிகர்களின் சிவப்புச் சட்டை. "ஸீர்! ஸீர்!" என்று ஒருவன் ஆரம்பித்தால் பெட்டியே அதிரும். போ, முன்னேறு என்று அர்த்தமாம். இரண்டு நிலையம் தாண்டுவதற்குள் அண்ணனும் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்.

மேலே எங்கள் வரிசைக்குப் போனதும் அவர் உட்காரவில்லை. நடைபாதை ஓரத்துத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் நகத்தால் காங்கிரீட்டை லேசாகச் சுரண்டிப் பார்த்தார். "அப்ப மேல கூரை கெடையாது தம்பி. கம்பியைத் தொட்டா கை பொத்துப்போகும். துணியைச் சுத்திக்கிட்டுத்தான் கட்டுவோம்" என்றார். அப்புறம் தலையைத் தூக்கி அந்தக் கூரையை வெகு நேரம் பார்த்தார். இந்த மைதானங்களைக் கட்டியவர்கள் பட்ட பாட்டைப் பற்றி உலகம் முழுக்கப் பேசினார்கள், எழுதினார்கள். பேச வேண்டிய பேச்சுதான். அதில் ஒருவர் ஆட்டம் பார்க்க உள்ளே வந்து என் பக்கத்தில் நிற்கிறார் என்பதுதான் அன்று என் மனதில் நிறைந்திருந்தது.

ஆட்டம் 120 நிமிடமும் கோல் இல்லாமல் போனது. ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் கொடுத்தது. அவர்கள் காலில் பந்து பட்டாலே 44,000 பேரில் பெரும்பகுதி விசில் அடித்தது, காது அடைத்துப்போனது. கடைசி நிமிடத்தில் ஸ்பெயினின் சராபியா அடித்த பந்து கம்பத்தை உரசிப் போனபோது எங்களுக்கு முன்னால் இருந்த மொராக்கோ அம்மா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அணியைப் பற்றி ரயிலிலேயே அண்ணனிடம் சொல்லியிருந்தேன். 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள். ஹக்கீமி பிறந்தது மாட்ரிட்டில்; அம்மா வீடுகளைச் சுத்தம் செய்தவர், அப்பா தெருவில் வியாபாரம் பார்த்தவர். அண்ணன் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எதுப்பா அந்தப் பையன்?" என்று ஆட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெனால்டி. மீண்டும் சராபியா, மீண்டும் கம்பம். ஸ்பெயினின் சோலர் அடித்ததையும் புஸ்கெட்ஸ் அடித்ததையும் மொராக்கோ கோல்கீப்பர் போனோ தடுத்தார். இனி மொராக்கோ ஒன்று போட்டால் போதும். பந்தை எடுத்து வைத்தது ஹக்கீமி. "அவன்தான்ணே" என்றேன். ஓடி வந்தவர், தான் பிறந்த நாட்டுக்கு எதிராக, கோலின் நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்துவிட, பந்து பூப்போல இறங்கியது.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. முன்னால் இருந்த அம்மா திரும்பி அண்ணனின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். தன் தோளில் கிடந்த சிவப்புக் கொடியை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். இவருக்கு அரபி கொஞ்சம் வரும். ஆனால் அந்த நேரத்தில் "நல்லா இருங்கம்மா, நல்லா இருங்க" என்று தமிழில்தான் வந்தது.

நான்கு நாள் கழித்து அல் துமாமாவில் போர்ச்சுகலையும் வென்று, அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணியானது மொராக்கோ. அந்த ஆட்டத்தை ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்துப் பெரிய திரையில் பார்த்தோம். தமிழ், மலையாளம், வங்காளம், நேபாளி எல்லா மொழியிலும் கத்தல். அண்ணன் அந்தக் கொடியோடுதான் வந்திருந்தார். பிரான்சிடம் தோற்ற இரவில் அதை மடித்துப் பெட்டியில் வைத்தவர், அடுத்த வருடம் பரமக்குடிக்குப் போனபோது கையோடு கொண்டுபோய்விட்டார். இப்போதும் போன் செய்தால் என் வீட்டு நலத்தை விசாரித்துவிட்டு அடுத்துக் கேட்பது இதைத்தான்: "அந்த வீட்டு வேலை பாத்த அம்மா மகன் எப்படிப்பா ஆடுறான்?"