பி2 ஃபர்ஸ்ட் மூன்றாம் பகுதி: ஓரத்துச் சொல்லை மறைத்துவிட்டுப் படியுங்கள்

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. மதிப்பெண் தாளில் உள்ள ஐந்து திறன்களுள், இலக்கணத்தையும் சொல்வளத்தையும் சோதிக்கும் யூஸ் ஆஃப் இங்லிஷுக்குத்தான் எனக்கு மிக உயர்ந்த எண் கிடைத்திருக்கிறது. நான் மிகவும் அஞ்சியதும் அதற்குத்தான் என்பதால், இந்த நிம்மதி ஆறிப்போவதற்குள் மூன்றாம் பகுதிக்கு நான் பயின்ற முறையை எழுதிவைக்கிறேன்.

ஓரத்தில் தரப்பட்ட வேர்ச்சொல்லை ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, ஒரு பத்தியின் காலி இடங்களை நிரப்புவதுதான் மூன்றாம் பகுதி. எட்டு இடங்கள், எட்டு மதிப்பெண்கள். நான்காம் பகுதியைப் போலப் பாதி சரியான விடைக்குப் பாதி மதிப்பெண் என்ற சலுகை இங்கே கிடையாது. சரியான சொல்லைக் கண்டுபிடித்து ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினாலும் அந்த இடம் போயிற்று.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம்: வரியின் ஓரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சொல்லை முதலில் பார்க்கவே கூடாது. பயிற்சித் தாளின் வலது ஓரத்தை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிட்டுப் பத்தி முழுவதையும் படிப்பேன். ஒவ்வொரு காலி இடத்திற்கும் அருகில், அங்கே வேண்டியது பெயர்ச்சொல்லா, பெயரடையா, வினையடையா, வினைச்சொல்லா என்றும், ஒருமையா பன்மையா என்றும், பொருள் எதிர்மறையா என்றும் குறித்த பிறகே காகிதத்தை எடுப்பேன். ஓரத்தில் ‘கம்ஃபர்ட்’ என்று கண்டவுடன் மனம் ‘கம்ஃபர்டபிள்’ என்று தாவிவிடுகிறது. அந்த இருக்கையில் ஒருவராலும் உறங்க முடியவில்லை என்று வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தாலும் ‘அன்கம்ஃபர்டபிள்’ தோன்றுவதில்லை. எதிர்மறைக்கான தடயம் பல நேரங்களில் அதே வாக்கியத்தில் இராது, அடுத்த வாக்கியத்தின் ‘பட்’ அல்லது ‘ஹவெவர்’ இல்தான் ஒளிந்திருக்கும். ‘ஃபார்ச்சூன்’ போன்ற சொல் தரப்பட்டு ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என முன்னும் பின்னும் ஒட்ட வேண்டியிருக்கும் இடங்களில் இந்த முன்குறிப்பு இல்லாமல் நான் தப்பியிருக்க மாட்டேன். ‘மெனி’ என்ற சொல் முன்னே நின்றால் ‘டிஸ்கவரி’ போதாது, ‘டிஸ்கவரீஸ்’ வேண்டும்.

பின்னொட்டுப் பட்டியல்களை நான் தொடவே இல்லை. பட்டியலை உருப்போடுவதில் இன்பம் காண்போர் உண்டு. எனக்கு அது ஒவ்வாது. அதற்குப் பதிலாக வேர்ச்சொல் ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ‘ஸ்ட்ராங்’ என்றால் ‘ஸ்ட்ரெங்த்’, ‘ஸ்ட்ரெங்தன்’, ‘ஸ்ட்ராங்லி’ என்றும், ‘காம்பீட்’ என்றால் ‘காம்பெடிஷன்’, ‘காம்பெடிட்டர்’, ‘காம்பெடிட்டிவ்’ என்றும் அதன் குடும்பத்தை எழுதி, ஒவ்வொன்றையும் என் சொந்த வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். வாக்கியத்தில் வைக்காத சொல் தேர்வு அறையில் நினைவுக்கு வருவதில்லை.

முன்னொட்டுகளுக்கு விதி ஓரளவுதான் உதவும். ‘லீகல்’ என்பது ‘இல்லீகல்’, ‘ரெகுலர்’ என்பது ‘இர்ரெகுலர்’, ‘பாஸிபிள்’ என்பது ‘இம்பாஸிபிள்’ என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே ‘அன்ரிலையபிள்’, ‘அன்பாப்புலர்’ என்று விதியை மதிக்காதவை வந்து நிற்கும். விலக்குகளை மட்டும் தனியே எழுதிவையுங்கள். ‘இன்வேல்யுவபிள்’ என்பதற்கு மதிப்பற்றது என்று பொருள் கொள்ள வேண்டாம். மிகமிக மதிப்புடையது என்பதே அதன் பொருள்.

எழுத்துக்கூட்டலில் நான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவை:

- ‘ஆர்க்யூ’ தன் கடைசி ஈ எழுத்தை இழந்தே ‘ஆர்க்யூமென்ட்’ ஆகும்.
- ‘ப்ரொனவுன்ஸ்’ என்பதன் நடுவிலுள்ள இரண்டாம் ஓ, ‘ப்ரொனன்ஸியேஷன்’ என்பதில் இல்லை.
- ‘டிஸ்ஸாட்டிஸ்ஃபைட்’ சொல்லில் ‘டிஸ்’ முடியும் இடத்தில் இரண்டு எஸ். ‘அன்னெசஸரி’ தொடக்கத்தில் இரண்டு என். முன்னொட்டு சேரும்போது எழுத்து உதிர்வதில்லை.
- ‘ஹேப்பி’ முடிவிலுள்ள ஒய், ‘ஹேப்பினஸ்’ ஆகும்போது ஐ ஆகிவிடும்.

ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்லிஷ் தாளின் ஏழு பகுதிகளுக்கும் சேர்த்து 75 நிமிடங்களே இருப்பதால் ஒரே இடத்தில் நின்றுவிடாதீர்கள். அதே நேரம் எதையும் வெறுமையாகவும் விடவேண்டாம்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பெயர்ச்சொல் வேண்டும் என்பது மட்டும் உறுதியாகித் தடுமாறினால், வேர்ச்சொல்லோடு ‘ஷன்’, ‘மென்ட்’, ‘னஸ்’ மூன்றையும் வினாத்தாள் ஓரத்தில் எழுதிப் பார்த்து, எங்கோ படித்ததுபோல் கண்ணுக்குப் படுவதை நிரப்பிவிட்டு நான்காம் பகுதிக்குச் செல்லுங்கள்.