14 நாள் மருந்தும் பயாப்சி அறிக்கையின் ஒரு வரியும்

மேல்வயிற்று எரிச்சலும், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடும் உணர்வும் எட்டு மாதங்களாக இருந்தும், மன அழுத்தம்தான் காரணம் என்று நம்பி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நானாகவே விழுங்கிக்கொண்டிருந்தேன். எண்டோஸ்கோபிக்கு நாள் குறித்தபோது, இரண்டு வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொன்னார்கள். இரைப்பையில் கிருமித்தொற்று இருந்தால், அந்த மாத்திரைகள் கிருமியை அடக்கி வைத்துவிடுவதால், அது இருந்தும் இல்லாததுபோல் சோதனை காட்டக்கூடும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் கடுமையாகவே கழிந்தது.

இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்திருந்தது. அங்கிருந்து கிள்ளியெடுத்த திசுத்துணுக்கு ஒன்றை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைத்ததும், சிறிது நேரத்தில் ஜெல் சிவப்பாக மாறியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா யூரியேஸ் நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. நிறம் மாறியது அதனால்தான். இரைப்பையின் அமிலத்தைத் தன்னைச் சுற்றிலும் தணித்து, அது உயிர்வாழ்வதும் அதே அம்மோனியாவால்தான்.

சில நாள்களில் வந்த பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையில், நாட்பட்ட அழற்சி என்பதற்கு அடுத்து, 'சுரப்பிகள் லேசாக அருகியுள்ளன' என்றிருந்தது. அந்த வரி என்னைக் கலங்கவைத்தது. கிருமி இருப்பதற்கும் இரைப்பைச் சுரப்பிகள் குறைவதற்கும் என்ன தொடர்பு என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். இக்கிருமி வெளியிடும் வாக்-ஏ என்ற நச்சுப்புரதம் உயிரணுவுக்குள் நுழைந்து குமிழ்களை உண்டாக்குவதோடு, அதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசியும்போது, உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் செயல்முறை தொடங்கிவிடுகிறது. எதிர்க்க வரும் வெள்ளணுக்களின் அழற்சியும் சேர்ந்து சேதத்தைக் கூட்டுகிறது. இழப்பை ஈடுசெய்ய மீதமுள்ள உயிரணுக்கள் அடிக்கடி பிரிகின்றன. ஓயாத அழற்சிக்கு நடுவே பிரியும்போது மரபணுப் பிழைகளுக்கு வாய்ப்பு அதிகம். ஈடுசெய்ய முடியாத இடங்களில் சுரப்பிகள் அருகி, காலப்போக்கில் குடலைப் போன்ற திசு அங்கே தோன்றலாம்; மிகச் சிலருக்கு அது புற்றுநோய்வரை செல்லும். இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் வகைப்படுத்தியதும் இதனால்தான். தொற்றுள்ள பெரும்பாலோருக்கு அந்த நிலை வருவதில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். எனக்குக் குடல்வகைத் திசுமாற்றம் இல்லை.

பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், இவற்றுடன் அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒன்று என 14 நாள்களுக்கு எழுதித் தந்தார். நாக்கும் மலமும் கறுக்கும், அது பிஸ்மத்தால் வருவது என்று முன்பே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. ஆனால் ஓயாத உலோகச் சுவையும் குமட்டலும் வாட்டின. ஒன்பதாம் நாள் எரிச்சல் முழுதாக அடங்கியபோது, போதும் என்று நிறுத்திவிடத் தோன்றியது. பாதியில் விட்டால் எஞ்சும் கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடலாம் என்பது எனக்குத் தெரியும். என்றாலும், உண்மையில் என்னைத் தடுத்தது அறிக்கையின் அந்த ஒரு வரிதான். வலி இல்லாத நாள்களிலும் உயிரணுக்கள் மடிந்துகொண்டிருக்கலாமே!

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்தே மூச்சுச் சோதனை செய்ய வேண்டும். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் நெடுங்காலம் தங்கிவிடுவதால், கிருமி ஒழிந்ததா என்பதை இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்ய இயலாது. நான் ஆறாவது வாரம் சென்று, யூரியா கரைசலைக் குடித்துப் பையில் ஊதினேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அழற்சி மெல்லத் தணியும் என்றும், அருகிய சுரப்பிகள் மீள்வதற்கு நாளாகும், முழுமையாக மீளாமலும் போகலாம் என்றும் மருத்துவர் சொன்னார்.