நூறு தாலந்தும் லைனிங் துணியும்

எங்கள் சபையில் விசுவாசத்தைத் தட்டி எழுப்பும் எழுப்புதல் கூட்டம் என்றால் மூன்று நாள். கடைசி இரவு எங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் திங்கட்கிழமை தையல் மெஷினில் உட்கார்ந்தால் என் கை பழையபடியேதான் வேலை செய்தது.

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாட்களில் வேதாகமத்தில் 2 நாளாகமம் 25-ம் அதிகாரம் வாசித்தேன். அமத்சியா 25 வயதில் யூதாவுக்கு ராஜாவானவன். கர்த்தருக்கு முன் சரியானதைத்தான் செய்தான், ஆனால் முழுமனதோடு இல்லை என்று இரண்டாம் வசனமே சொல்லிவிடுகிறது. யுத்தத்துக்காக 100 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி கொடுத்து பக்கத்து ராஜ்யமான இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் பேரைக் கூலிக்குப் பிடிக்கிறான். கர்த்தர் அவர்களோடு இல்லை, அவர்களை அனுப்பிவிடு என்கிறார் கர்த்தருடைய வார்த்தையைச் சொல்ல வந்த ஒரு தேவமனுஷன். உடனே இவன் கேட்கிறான்: அப்படியானால் நான் கொடுத்த 100 தாலந்து? கீழ்ப்படியத்தான் செய்தான், ஆட்களை அனுப்பிவிட்டான். ஆனால் ஜெயித்த கையோடு தோற்றவர்களின் விக்கிரகங்களைக் கொண்டுவந்து கும்பிட்டான்.

அந்தக் கேள்வியை என்னால் தாண்ட முடியவில்லை. எனக்கும் ஒரு 100 தாலந்து இருந்தது.

பிளவுஸுக்குச் சுத்தக் காட்டன் லைனிங் என்று காசு வாங்கிக்கொண்டு, சிலருக்குப் பாலியஸ்டர் கலந்த துணி வைத்துத் தைத்தேன். ஒன்றுக்கு 30 ரூபாய் மிச்சம். காட்டன் என்றால் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் துவைத்ததும் சுருங்கிவிடும். கலப்புத் துணிக்கு அந்த வேலையும் இல்லை. உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

1904-ல் வேல்ஸில் எழுப்புதல் உண்டானபோது, முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்த இவான் ராபர்ட்ஸ் என்ற வாலிபர் ஜனங்களிடம் கேட்டவற்றில் ஒன்று, சந்தேகமான எதையும் வாழ்க்கையிலிருந்து விலக்கிவிடுங்கள் என்பது. என்னுடையது சந்தேகமானதுகூட இல்லை. எனக்கு நன்றாகவே தெரியும்.

அளவு நோட்டை எடுத்துப் பேர்களைக் குறித்தேன். 17 பேர்.

முதலில் போனது ரிட்டையரான டீச்சர் அக்கா வீட்டுக்கு. வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எது பிள்ள, அந்தப் பிஸ்தா பச்சையா?" என்று கேட்டு, உள்ளே போய் எடுத்துவந்தார்கள்.

"இதைப் போட்டாலே முதுகெல்லாம் அரிக்கும். வயசாயிட்டுன்னு நினைச்சேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிளவுஸை வாங்கி வந்து, அன்றைக்கு ராத்திரியே தையலைப் பிரித்தேன். முதுகுப் பக்கத்து லைனிங்கில் வேர்வை காய்ந்து வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. விரலால் தடவிக்கொண்டே ஜெபித்தேன். கூட்டத்தில் அழுத மாதிரி சத்தமாக வரவில்லை, ஆனால் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு ஜெபிக்கவில்லை.

இன்னும் ஆறு வீடு பாக்கி. இன்றைக்குச் சாயங்காலம் ஒன்றுக்குப் போக வேண்டும். வாளியில் காட்டன் துணி ஊறிக்கொண்டிருக்கிறது.