அன்று காலை நான் பண்ணின ஜெபம்

"சிஸ்டர், அப்போ என்னை ஆண்டவர் காக்கலையா?"

நைட் டியூட்டி முடித்துக் கிளம்பிய எங்கள் வார்டு நர்ஸ் பிள்ளை கேட்ட கேள்வி இது. எட்டு மாதம் ஆகிறது. அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அன்று இரவு அவள் ஊசி போட்ட நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இன்சுலின் மில்லிக்கு 100 யூனிட். வார்டில் வழக்கமாக இருப்பது 40. நாற்பதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, நூறுக்கு ஆரஞ்சு மூடி. பழக்கத்தில் அவள் கை சிவப்புக்குப் போய்விட்டது. அதில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி. போடவேண்டியது 20, போனது 50 யூனிட். விடியற்காலையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, சுகர் 48க்கு இறங்கியிருந்தது. டாக்டரை எழுப்பி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து திரும்பத் திரும்ப சுகர் பார்த்து, எப்படியோ தேறிவிட்டார். எதனால் நடந்தது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். டிரேயில் கிடந்த சிவப்பு மூடியைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்தாள். மறைத்திருக்கலாம். சுகர் இறங்குவது எங்கள் வார்டில் புதிதல்ல, யாரும் துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் வார்டு ஜெபம். அன்று என் முறை. "ஆண்டவரே, இந்த 23 வருஷ சர்வீஸில் என் கையால் ஒரு மருந்துத் தப்பும் நடக்காமல் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

அவளைக் குத்திக்காட்ட நான் அப்படி ஜெபிக்கவில்லை. இதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன். பயந்துபோயிருந்தேன். எனக்கும் இது நடந்திருக்கலாமே என்ற நடுக்கத்தில் வந்த வார்த்தை. ஆனால் நடுக்கத்தில் இருப்பவளுக்கு 23 என்ற எண் எப்படி அவ்வளவு சரியாக வாயில் வந்தது?

துணி அறை வாசலில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதும், "அப்படிச் சொல்லக்கூடாதும்மா. அவர் பிழைச்சாரே, அதுதான் ஆண்டவர் உன்னைக் காத்தது. போய்த் தூங்கு" என்றேன். சரியான பதில்தான். ஆனால் என் ஜெபத்தில் அது இல்லையே. அந்த மனிதர் பிழைத்ததற்கு நான் ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. இது எனக்கு உறைத்ததே அன்று இரவு வீட்டில் தட்டைக் கழுவும்போதுதான்.

மற்றவர்களைப்போல நான் இல்லை என்று தேவாலயத்தில் ஜெபம்பண்ணின, லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயன் கதையைச் சண்டே ஸ்கூலில் எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெருமைக்காரன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இப்போது வாசித்தால், அவன் ஆரம்பிப்பதே ஸ்தோத்திரத்தில்தான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். அவன் சொன்னதில் பொய் இருந்ததாக இயேசு சொல்லவில்லை. அதுவும் அவன் தனக்குள்ளே ஜெபம்பண்ணினான் என்றுதான் நம் வேதாகமத்தில் இருக்கிறது. நான் ஏழு பேர் காதுகேட்கச் சொன்னேன்.

சரி, தப்பு நடக்காமல் இருந்ததற்கு நன்றி சொல்லாமல் இருப்பது மட்டும் நியாயமா? மருந்தை எடுக்கும்போது ஒரு தரம், சிரிஞ்சில் இழுக்கும்போது ஒரு தரம், திரும்ப வைக்கும்போது ஒரு தரம் லேபிளைப் படிக்கவேண்டும் என்று நர்சிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்கள். காலில் வீக்கத்தோடு நின்ற நாளிலும் அதை நான் விட்டதில்லை. அந்த உழைப்பை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை என் சாமர்த்தியம் என்று சொல்லக்கூடாது என்றுதானே ஸ்தோத்திரமாகச் சொல்கிறோம்? ஆனால் ஸ்தோத்திரம் என்ற உறைக்குள் சாமர்த்தியத்தையே வைத்துக் கொடுத்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதல் வருஷத்தில் ஒரு நாள் நான் ஊசி தயார் செய்துகொண்டிருந்தபோது சீனியர் சிஸ்டர் ஒருவர் வந்தார். டிரேயிலிருந்து ஒரு மருந்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். ஒன்றும் பேசவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. நோயாளிவரை போகாததால் அது என் 23 வருஷக் கணக்கில் வரவில்லை.

ஜூன் மாதம் வேலையில் சேர்ந்த நாளுக்கு வருஷாவருஷம் ஸ்தோத்திர காணிக்கைக் கவர் போடுவேன். குறைவில்லாமல் நடத்தின தேவனுக்கு என்று எழுதுவேன், போதகர் ஐயர் சபையில் வாசிப்பார். இந்த வருஷமும் கவர் போட்டேன். பேர் மட்டும் எழுதினேன்.

அந்தப் பிள்ளை இப்போதும் எங்கள் வார்டில்தான் இருக்கிறாள். இன்சுலின் போடுவதற்கு முன்னால் யாரையாவது கூப்பிட்டு பாட்டிலையும் சிரிஞ்சையும் காட்டுகிறாள். புதிதாகச் சேர்ந்த மாணவிகளைக்கூடக் கூப்பிடுகிறாள். நான் பக்கத்திலேயே நின்றாலும் என்னைக் கூப்பிடுவதில்லை.