தெரு எஸ்டிமேட்டில் ஒரு வரி

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருந்தன. அப்பா வீடு கட்டியபோது போட்டவை. தார் மேல் தாராகப் போட்டதில் இரண்டு படிகள் ரோட்டுக்குள் புதைந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் வரும். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை ஒரு நள்ளிரவில் நாங்கள் நான்கு பேர் மாடிக்குத் தூக்கிப் போனோம். மறுபடியும் ரோடு போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது.

2021 மே மாதத்திலேயே, அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், ரோட்டின் உயரம் ஏறக்கூடாது என்று உத்தரவிட்டிருந்தார். ஆனால் ஒப்பந்ததாரருக்குப் பில் கிடைப்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலைக்குத்தான். வேலைகளையும் செலவையும் வரிவரியாக எழுதிய எஸ்டிமேட்டில் 'மில்லிங்', அதாவது சுரண்டல், என்று ஒரு வரி இல்லையென்றால் அவர் சுரண்டமாட்டார். வரி இருந்தும் சுரண்டாமல் விட்டால், செய்யாத வேலைக்கு நம் பணம் போய்விடும். அந்த ஒரு வரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரோடு வேலையைப் பார்க்கும் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். "ஏன் சுரண்டுவதில்லை?" என்று கேள்வி கேட்டால் பதில் வராது, இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். விரிவான எஸ்டிமேட், ஏற்கப்பட்ட விலைப் பட்டியல், பணி ஆணை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டேன். 30 நாள் ஓடியது, பதில் இல்லை. அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு மனுவின் நகல், பதிவுத் தபால் ரசீதோடு எழுதினேன். அதன் பிறகுதான் ஃபோன் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கி வந்தேன்.

வரி இருந்தது. 180 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் ஆழம். கணக்குப் போட்டால் 32.4 கன மீட்டர் பழைய தார் தெருவை விட்டு வெளியே போக வேண்டும். உதிர்த்து அள்ளினால் இன்னும் அதிக இடம் பிடிக்கும். ஒன்றிரண்டு லோடில் முடிகிற வேலை இல்லை.

வேலைக்கு முன்பே பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் ஆறு காம்பவுண்டு சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, கோட்டிலிருந்து ரோடு வரை டேப்பில் அளந்து தேதியோடு படம் எடுத்து வைத்தோம். யார் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்து வையுங்கள்.

இரவு பதினோரு மணிக்கு மெஷின் வந்தது. தெருமுனையிலிருந்து பாதி தூரம் ஒழுங்காகச் சுரண்டினார்கள். இரண்டு லோடு போனதும் மெஷினை லாரியில் ஏற்றிவிட்டார்கள். மீதிப் பாதியில், எங்கள் வீடு இருக்கும் பக்கம், பழைய ரோட்டின் மேலேயே தார் தெளிக்க ஆரம்பித்தார்கள். நான் எஸ்டிமேட்டோடு போய் நின்றேன்.

"இது உங்களுக்கு எப்படிம்மா கிடைச்சுது?" என்று கேட்டார் அங்கிருந்த ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர்.

"பணம் கட்டி வாங்கினேன் சார். 180 மீட்டர்னு போட்டிருக்கு. நீங்க அளந்து பாருங்க."

அவர் கோபப்படவில்லை. டார்ச் அடித்து அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஓரமாகப் போய் யாருக்கோ ஃபோன் செய்துவிட்டு வந்து வேலையை நிறுத்தினார். அந்த மனிதருக்கும் மேலே நெருக்கடி இருந்திருக்கும், ஆனாலும் நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு மெஷின் திரும்பி வந்தது. நாங்கள் வாசலில் உட்கார்ந்து லாரிகளை எண்ணினோம்.

ரோடு போட்டு முடித்த மறுநாள் ஆறு கோடுகளிலும் அளந்தோம். ஐந்தில் பழைய அளவே இருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. இப்போது செய்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் (அளவுப் புத்தகம்) பக்கங்களைக் கேட்டு அடுத்த மனு போட்டிருக்கிறேன். எங்கள் மனுவின் நகலைப் பின் தெருக்காரர்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள் தெருவுக்கு இன்னும் டெண்டர் விடவில்லை.