தேர்வாளர் நாற்காலியில், நான் தரையில்

மகளை வாராவாரம் கர்நாடகப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்திருந்த அப்பா நான். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, தொடக்கப் பாடமான சரளி வரிசையாவது கற்றுக்கொள்ளலாமே என்று உள்ளே நுழைந்தேன். அப்போது வயது 38. நான்கு வருடம் கழித்து முதல் நிலைத்தேர்வு. மோகன ராகத்தில் அமைந்த வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டை இரண்டு காலத்தில், அதாவது மெதுவாகவும் இரட்டை வேகத்திலும், பாட வேண்டும். தேறிவிட்டேன். ஆனால் மதிப்பெண் தாளில் ஒரு வரி உறுத்தியது: “மேல்ஸ்தாயியில் குரல் இறுகுகிறது.”

மேல்ஸ்தாயி என்றால் உயர்ந்த சுரங்கள். வீட்டில் அவற்றில் ஒன்றான மேல் காந்தாரம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. பதற்றம்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். டீச்சர் விடவில்லை. “தம்பி, தேர்வாளர் எங்க உட்கார்ந்திருந்தாங்க?” என்று கேட்டார். நாற்காலியில், மேசைக்குப் பின்னால். “நீங்க?” தரையில், பாய் மேல். “அப்போ 20 நிமிஷமும் அண்ணாந்து பாத்துக்கிட்டே பாடியிருக்கீங்க.”

அதேதான். முகம் பார்த்துப் பாடுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். மோவாய் மேலே ஏறும்போது கழுத்தின் பின்பக்கம் மடங்குகிறது, முன்பக்கம் இழுபடுகிறது, குரல்வளையும் இறுகிவிடுகிறது. நீங்களே பார்க்கலாம்: ‘ஸ’ என்ற சட்ஜ சுரத்தை அகாரத்தில், ‘ஆ’ என்று, பிடித்துக்கொண்டு மெதுவாக அண்ணாந்து பாருங்கள். நாதம் ஒல்லியாகிக்கொண்டே போகும். மோவாயை நெஞ்சோடு ஒட்டினால் அமுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் குரல் தானாகத் திறக்கும். தேர்வில் அந்த இடம் எனக்கு மேசைக்காலின் உயரத்தில் இருந்தது. அடுத்த முறை மேசைக்காலைப் பார்த்தே பாடினேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கழுத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று நினைத்தேன். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மனைவியைப் பக்கவாட்டிலிருந்து போனில் படம் எடுக்கச் சொன்னேன். பார்த்தால், கூன் போட்ட ஒருவர் தலையை மட்டும் ஆமை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறார். பகல் முழுக்க அலுவலக நாற்காலி, போக வர எம்ஆர்டி ரயிலில் குனிந்து போன். இடுப்பு இறுகிப்போய், சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் இடுப்பைவிட உயரத்தில் நிற்கிறது. அப்படி உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சாயும், கீழ் முதுகு வளையும், வயிறு மடியும். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும். அது இறங்க, வயிறு முன்னே வந்து இடம் கொடுக்க வேண்டும். மடிந்த வயிறு எங்கே இடம் கொடுக்கும்? மூச்சு மார்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது. தோள்பட்டை தூக்கிக்கொள்கிறது.

இதற்கு மருந்து ஒரு குளியல் துண்டு. நான்காக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள், தொடைக்கு அடியில் வேண்டாம். உட்கார்ந்ததும் கையை அடியில் விட்டுப் பார்த்தால் இரண்டு எலும்புகள் தட்டுப்படும். உடல் பாரம் அவற்றின் மேல் நேராக இறங்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிடத் தாழும் வரை துண்டின் உயரத்தைக் கூட்டுங்கள். எனக்கு இரண்டு துண்டு தேவைப்பட்டது. மகளுக்கு ஒன்றும் தேவையில்லை, பொறாமையாகத்தான் இருந்தது.

“நேரா உட்கார்” என்று யாராவது சொன்னதும் நெஞ்சை நிமிர்த்திச் சிப்பாய் மாதிரி ஆகிவிடுகிறோமே, அதுவும் வேண்டாம். நெஞ்சு விறைத்தால் விலா எலும்புகள் விரியாது. கைகளை விலாவின் அடிப்பகுதியில் இரு பக்கமும் வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். கைகள் பக்கவாட்டில் தள்ளப்பட்டால் சரி. தெரியவில்லை என்றால் ஹாலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலைக்கு அடியில் ஒரு மெல்லிய புத்தகம் வைத்து ஐந்து நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். படுத்திருக்கும்போது வயிறு செய்வதைத்தான் உட்கார்ந்திருக்கும்போதும் செய்ய வேண்டும்.

பக்கவாட்டுப் படம் எடுக்கக் கூச்சமாக இருந்தால், டாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டரை நினைத்துக்கொள்ளுங்கள் (1869–1955). மேடையில் கவிதை ஒப்பிப்பவர். குரல் அடிக்கடி கம்மிப்போனதால் கண்ணாடிகள் முன் நின்று தன்னையே ஆராய்ந்தார். பேசத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அமுக்கி, வாயால் மூச்சை உறிஞ்சுவதைக் கண்டுபிடித்தார். செய்கிறோம் என்றே அவருக்கு அதுவரை தெரியாது. எனக்கும்தான்.

தாளம் போடும் கையையும் கவனியுங்கள். பதற்றத்தில் நான் தொடையை அறைவேன். ஒவ்வொரு தட்டுக்கும் வலது தோள் குதிக்கும், சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் குரலும் கூடவே குதிக்கும். முழங்கைக்குக் கீழே மட்டும் அசையட்டும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை வாய் திறக்காமல், தோள் அசையாமல் இருபது ஆவர்த்தம் (சுற்று) போட்டுப் பழகினேன். நோட்டையும் சுருதிப்பெட்டி ஓடும் போனையும் தரையில் வைத்துக் குனியாதீர்கள். நோட்டுக்கு ஒரு ஸ்டாண்ட், போன் முதுகுக்குப் பின்னால்.

நின்று பாடுபவர்களுக்கு இதெல்லாம் வேறு கணக்கு. அக்கா மகன் மேற்கத்திய இசைக்கான ஏபிஆர்எஸ்எம் தேர்வுக்கு நின்றுகொண்டுதான் பாடினான். பாதங்கள் இடுப்பகலத்தில், முழங்கால் பூட்டாமல் லேசாக. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தேர்வு நாளுக்கு வருவோம். பெல்ட் போட்ட பேண்ட் வேண்டாம். முதல் தேர்வில் மேலே ஜிப்பா, உள்ளே அலுவலக பேண்ட். பல்லவியிலேயே பெல்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இப்போது வேட்டி, அதையும் தளர்வாகத்தான் கட்டுகிறேன். ஒரு சால்வை எடுத்துப் போங்கள். ஏர்கான் அறைகளில் காத்திருந்தாலே தோள் காதுக்கு ஏறிவிடும். துண்டுக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இரண்டாம் தேர்வில் தேர்வாளர் அதைப் பார்த்து, “முதுகு வலியா?” என்றார். “இல்லைங்க, வர்ணத்துக்கு” என்றேன். சிரித்துவிட்டார். அந்த முறை தாளில் மேல்ஸ்தாயி பற்றி ஒன்றும் இல்லை, நெடில் குறில் பற்றித்தான் திட்டு.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அசையாமல் உட்காரும் நேரத்தை 10, 15, 20 நிமிடம் என்று கூட்டுங்கள். எந்தக் கால் முன்னால் என்பதைத் தினமும் மாற்றுங்கள். அப்புறம், பாடி முடித்ததும் சட்டென்று எழாதீர்கள். முதல் தேர்வில் நான் எழுந்தேன். மரத்துப்போன கால் கைவிட்டது. தேர்வாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் வணக்கம் சொன்னேன்.